பெர்ட்டி ஃபோக்ட்ஸ்: க்ரைஃபைப் பூட்டிய டிஃபெண்டர்

1974 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, மியூனிக். முதல் நிமிடத்திலேயே நெதர்லாந்தின் நட்சத்திரம் க்ரைஃப், மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ட்ஸைத் தாண்டி ஓடினார். ஃபோக்ட்ஸின் சக வீரர் ஹோனஸ் தடுக்கப்போய் நெதர்லாந்துக்குப் பெனால்டி. அடுத்த சில நிமிடங்களில் ஃபோக்ட்ஸுக்கு மஞ்சள் அட்டை வேறு. வேறொருவராக இருந்தால் பின்வாங்கியிருப்பார். இவரோ க்ரைஃபின் முதுகோடு ஒட்டிக்கொண்டார். பந்து வேண்டுமென்றால் க்ரைஃப் நடுக்களத்துக்கு இறங்கிவர வேண்டியதாயிற்று. கோலுக்கு அருகே ஆபத்து குறைந்தது. 2-1, மேற்கு ஜெர்மனிக்குக் கோப்பை.

கிளப் ஆட்டமெல்லாம் மோன்ஷன்கிளாட்பாக் அணியில்தான்: ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் 419 போட்டிகள்.

1990-இல் பெக்கன்பவருக்குப் பின் ஜெர்மன் தேசிய அணிப் பயிற்சியாளர். 1996 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியில் செக் அணி முன்னிலையில் இருக்க, மாற்று ஆட்டக்காரராக பியர்ஹோஃபை இறக்கினார். சமன் செய்த கோல், 95-ஆவது நிமிடத்தில் கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் முதல் கோல்), இரண்டுமே பியர்ஹோஃப். 1994, 1998 உலகக் கோப்பைகளில் காலிறுதியோடு சரி. அந்தத் தோல்விகளை வைத்தே அவரை எடைபோடுவது அநியாயம்.