மேடைப் பேச்சில் கதைக்கு என்ன வேலை?

டெல்டா மாவட்டங்களில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கதைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டமாக இருந்தாலும் கல்லூரி ஆண்டு விழாவாக இருந்தாலும், பேச எழுகிறவர் முதலில் ஒரு ராஜாவையும் மந்திரியையும் அழைத்து வந்து, அவையில் கொஞ்சம் சிரிப்பை வாங்கிக்கொண்டு, "சரி, இனி விஷயத்துக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டுக் குறிப்புத் தாளைப் பிரிப்பார். சொன்ன கதைக்கும் பேச வந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை என்பதை அந்த ஒரு வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் வங்கியாளர்கள் முன்பும் அதிகாரிகள் முன்பும் பேசத் தயாராகும்போது உடனிருந்து உதவுவது என் வேலையின் ஒரு பகுதி. விஷயத்தைத் தானே சுமந்து செல்லாத கதையை மேடையேற்ற வேண்டாம் என்பதைத்தான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு கதை எங்கே வலுப்பெறுகிறது என்பதற்குத் திருவாரூரிலேயே நல்ல சான்று இருக்கிறது. பசு மணியை அடித்தது, மன்னன் தன் மகன் மீது தேரை ஏற்றினான் என்று மனுநீதிச் சோழன் கதையை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுவது நம் மேடை வழக்கம். பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் அப்படிச் சொல்வதில்லை. மகனின் தேரில் சிக்கிக் கன்று இறந்ததற்கு மறையோர் விதித்த கழுவாயை, அதாவது பிராயச்சித்தத்தை, செய்தால் போதும் என்று அமைச்சர்கள் ஒரு வழியைக் காட்டுகிறார்கள். என் மகன் செய்தால் கழுவாய், அந்நியன் ஓர் உயிரைக் கொன்றால் மட்டும் அவனுக்கு மரணமா என்று கேட்டு மன்னன் அதை மறுக்கிறான். மகனைத் தேர்க்காலில் இடும்படி பணிக்கப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை விட்டுவிட, கடைசியில் மன்னனே தேரைச் செலுத்துகிறான். தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது என்று தெரிந்த பிறகுதான் அதன் வழியே அவன் போகவில்லை என்பதற்குப் பொருள் உண்டாகிறது. நம் பேச்சாளர்கள் விட்டுவிடுவது துல்லியமாக அந்த இடத்தை. "எங்கள் குழு உறுதியாக நின்றது" என்று சொல்லும் தலைவரிடம், நில்லாமல் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் கேட்பதுண்டு. வியாபாரி அன்றைக்கே கையில் ரொக்கம் தருவதாகச் சொன்னார் என்ற பதில் அப்போதுதான் வெளிவரும். பேச்சு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டபோது, தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். அடக்குமுறைக்கு மக்கள் அஞ்சவில்லை என்று எத்தனை முறை முழங்கினாலும் அவை அசையாது. வழியிலிருந்த மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொன்னால் போதும். கொடுத்தவர் யார் என்று எவராலும் காட்ட முடியாது என்பதைக் கேட்பவரே கண்டுபிடித்துக்கொள்வார். கண்டுபிடிக்கும் வேலையை அவருக்கு மிச்சம் வைப்பதில்தான் சொல்பவரின் திறமை இருக்கிறது.

எண்களை என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு உதவும். மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள், பசியால் வாடும் லட்சக்கணக்கானோர் குறித்த புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்களைவிட அதிக நன்கொடை கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை மறுபடியும் குறைந்துபோனது. இதை வைத்து எண்களே கூடாது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. கடன் கேட்டு வங்கிக்குப் போகிற குழுவுக்கு அந்த முடிவு உதவாது. எண்ணைக் கதைக்குப் பக்கத்தில் ஒட்டவைக்காமல், கதைக்குள்ளேயே அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அப்படி ஒரு பேச்சை விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் ஒன்றில் கேட்டேன். சம்பா அறுவடைக் காலம். அரசின் நெல் கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தளர்த்த வேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராக ஒரே சொற்களில் கோரிக்கை வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைமடைப் பகுதியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் மட்டும் தம் களத்தில் நடந்ததைச் சொன்னார். நெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைத்து அளந்தபோது ஈரப்பதம் 17க்கு வந்துவிட்டது; ஆனால் நெல்லைப் பிடிக்கும் சாக்குப் பைகள் அன்றைக்குக் கொள்முதல் நிலையத்துக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை; பனியில் கிடந்த நெல்லை மூன்றாம் நாள் அளந்தால் 19. "நான் காயவைக்கலைன்னு திருப்பி அனுப்புறாங்கய்யா, காயவைச்ச அன்னைக்கு வாங்க ஆள் இல்லையே" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. அவர் சொன்ன இரண்டு எண்களும் கதையின் திருப்பமாகவே அமைந்தன. அதுவரை வரம்பைப் பற்றியே இருந்த விவாதம், சாக்கு ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்ற கேள்விக்கு மாறியது.

இந்த ஒழுங்கு நம் மண்ணுக்குப் புதிதன்று. பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும், மராட்டியர் ஆட்சியில் தஞ்சாவூரில் வேரூன்றிய கீர்த்தன மரபை 19ஆம் நூற்றாண்டில் தமிழ் ஹரிகதையாக உருவாக்கியவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அந்த முறையில் எடுத்துக்கொண்ட கருத்தை முன்னுரையிலேயே நிறுவிவிட்டு, பிறகுதான் கதைக்குள் நுழைவார்கள். இடையில் உபகதைகள் எத்தனை வந்தாலும் அவை அந்தக் கருத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். இரவெல்லாம் கேட்பதற்கு ஆட்கள் இருந்த காலத்தின் நீளம் இன்று நமக்கு வேண்டியதில்லை.

திரையில் படங்களைக் காட்டிப் பேசுபவர்களுக்குச் சிறு யோசனை ஒன்று: கதை சொல்லும்போது திரையை அணைத்துவிடுங்கள். பவர்பாயின்ட் காட்சியின்போது விசைப்பலகையில் ‘பி’ எழுத்தை அழுத்தினால் திரை கருப்பாகிவிடும். கண்கள் உங்களிடம் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, பயிற்சி வகுப்புகளில் இதை அதிகம் பேசுவதில்லை. அடுத்தவர் வாழ்க்கையை மேடையில் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்டாக வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பது கிராமத்தில் செல்லாது. எந்த வாய்க்காலின் எந்தக் கரையில் நிலம் இருக்கிறது என்று சொன்னாலே ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு குழுவின் உறுப்பினர் தம் உளுந்துச் சாகுபடி நட்டத்தைச் சொல்லிக்கொள்ளச் சம்மதித்தார், நகைக்கடனைச் சொல்ல வேண்டாம் என்றார். வங்கியாளர்கள் முன் நகைக்கடன்தான் அழுத்தமாக எடுபடும் என்று குழுவில் சிலர் வாதிட்டார்கள். உளுந்தை மட்டும் வைத்தே அந்தப் பேச்சைத் தயாரித்தோம்.