காசு குடுத்துக் கூடாரத்தில்

“காசு குடுத்தோ கூடாரத்திலை படுக்கப் போறியள்?” என்று அம்மா கேட்டா. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில் தரப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தவ. காம்பிங்கை எப்படித் தமிழாக்கினாலும் ‘முகாம்’ என்றுதான் வந்து நிற்கிறது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவுஸ்திரேலியாவுக்கு வந்து மூன்றாம் வருடம். வகுப்பில் ரென்றில் படுக்காத பிள்ளை தான் மட்டும்தான் என்று மகள் அழுததில், மெல்பேர்ணிலிருந்து கிழக்கே 350 கிலோமீற்றர் ஓடி பக்கன் (Buchan) குகைகளுக்குப் போனோம். (வழி முழுக்கப் ‘புச்சன்’ என்றுதான் சொல்லிக்கொண்டு போனோம். பெற்றோல் அடித்த இடத்தில் திருத்தினார்கள்.)

ரென்றைக் கட்டி முடித்துத் திரும்பினால், அம்மா சோற்றுக் கரண்டியால் அதைச் சுற்றிக் கான் வெட்டிக்கொண்டிருக்கிறா. “மழை வந்தால் வெள்ளம் உள்ளுக்கு வரும் பிள்ளை.” இங்கே மண் கிண்டக்கூடாது என்று இவர் மெல்லச் சொல்லி, கிண்டினதைக் காலால் தட்டி மூடினார். இரண்டு கங்காருக்கள் மேய்வதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றன.

1907 மார்ச்சில் பிராங்க் மூன் என்பவர் சிறு துவாரமொன்றை வெடிவைத்துப் பெருப்பித்து உள்ளே இறங்கினார். அதுதான் இன்றைய ஃபெயரி கேவ். ‘கண்டுபிடித்தார்’ என்று எழுத எனக்குச் சங்கடம். இது இந்தப் பகுதியின் ஆதிக்குடிகளான குனைகுர்னை மக்களின் நிலம். இப்போது அரசோடு சேர்ந்து இதை நிர்வகிப்பவர்களும் அவர்களே. பக்கத்துக் குளொக்ஸ் குகையில் கொழுப்புத் தடவிய சவுக்குக் குச்சிகளோடு இரண்டு சிறு சடங்கு அடுப்புகளை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். ஒன்றுக்கு வயது 11,000, மற்றதற்கு 12,000 ஆண்டுகள். அதே மாதிரிச் சடங்கை 19ஆம் நூற்றாண்டிலும் மானிடவியலாளர் ஆல்ஃபிரட் ஹோவிற் குறித்துவைத்திருக்கிறார்.

நாங்கள் போன குகைக்குள் கூரையிலிருந்து தொங்கிய கல் விழுதொன்றின் நுனியில் ஒரு துளி. விழும், விழும் என்று மகள் அண்ணாந்துகொண்டே நின்றாள். வழிகாட்டி சொன்னதை நான் மொழிபெயர்க்க, அம்மா மறித்தா: “சுண்ணாம்புக்கல்லோ? எங்கடை ஊர்க் கல்லும் அதுதானே.”

வெளியே ஒரு நீச்சல் குளம், நிலத்தடி ஊற்றுத் தண்ணி. கால் வைத்ததும் விறைத்தது. “கீரிமலைக் கேணி இப்பிடிக் குளிராது” என்றா அம்மா. ஆனாலும் சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு கரையில் இருந்தவ, தேத்தண்ணிக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

இரவு மழை பெய்தது. இருட்டுக்குள் அம்மாவின் கை ரென்றின் தரையைத் தடவித் தடவிப் போகும் சத்தம் கேட்டது.

“காஞ்சுதான் கிடக்குது” என்றா. பிறகு, “கானும் வெட்டேல்லை.”