500 மீட்டர் நாய் வண்டிக்கு 80 சிங்கப்பூர் வெள்ளியா?

போன வாரம் லஞ்ச் டைம்ல ஆபீஸ் தோழி ஒருத்தி போனை நீட்டி, “அக்கா, பனியில ஹஸ்கி நாய்ங்க இழுக்கற இந்த வண்டி ரைடு ஒர்த்தா? வெறும் 500 மீட்டர்தானாம், போலாமா வேணாமா சொல்லுங்க”ன்னு கேட்டா. டிசம்பர்ல பின்லாந்து போறாங்களாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்களும் பின்லாந்து வடக்குல இருக்கற இதே ரோவனியமி ஊரு, இதே கேள்வி, கிட்டத்தட்ட இதே ஸ்க்ரீன்ஷாட். எங்க வீட்டுல அந்த 500 மீட்டருக்கு நடந்த சண்டை 5 கிலோமீட்டர் நீளம் இருக்கும், கோப்பி ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற கதை இல்ல, அதான் இங்க எழுதறேன்.

மகளுக்கு அந்த வருஷம் பிஎஸ்எல்இ, ஆறாம் வகுப்பு முடிவுல எழுதற பெரிய பரீட்சை. நல்லா படிச்சா பரீட்சை முடிஞ்சதும் பனி காட்டறேன்னு மார்ச் மாசமே வாய விட்டுட்டேன். நான் மனசுல வச்சிருந்தது கொரியா. அவ மனசுல வச்சிருந்தது ஹஸ்கி. நாங்க இருக்கறது சிங்கப்பூர் ஈசூன்ல ஹெச்டிபி நாலறை வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி, அங்க விட்டுக்குடுக்கற நாய் லிஸ்ட்ல ஹஸ்கி கிடையாது, அதனால ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல தனியார் காண்டோ வீட்டுக்காரங்க யாராவது ஹஸ்கிய கூட்டிட்டு வந்தா ஓடிப்போய் தடவிட்டு வர்றதோட சரி. அதுவும் பாவம், அந்த வெயில்ல ஒரு முழம் நாக்கு தொங்க, ஏன்டா என்னை இங்க கொண்டு வந்தீங்கன்னு கேக்கற மாதிரி நிக்கும். அது ஓடி நாங்க பாத்ததே இல்ல.

சரின்னு பின்லாந்து டிக்கெட் போட்டாச்சு, ஹெல்சிங்கி வரைக்கும் நேரா ஒரு பிளைட், அங்கேர்ந்து ரோவனியமிக்கு இன்னொரு சின்ன பிளைட். என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் எக்ஸெல்ல போடற ஆளு. ஹஸ்கிக்குன்னே தனி ஷீட். எங்களுக்கு வந்த விலை, 500 மீட்டர் ரவுண்டு ஆளுக்கு 55 யூரோ, அப்போ ஒரு யூரோ கிட்டத்தட்ட ஒன்றரை வெள்ளி, ஆக 80 வெள்ளி சொச்சம். 10 கிலோமீட்டர் நாமளே ஓட்டறது 170 யூரோ, அது 250 வெள்ளி. “சின்னதுல மீட்டருக்கு 16 காசு, பெருசுல ரெண்டரை காசு, அந்த 80 வெள்ளிக்கு கிராப் டாக்சில சாங்கி ஏர்போர்ட் போயி, திரும்பி வந்து, மறுபடியும் போலாம்”னாரு. கணக்கு தப்பில்ல. ஆனா கிராப் டிரைவர் நம்மள பாத்து சந்தோஷத்துல நாலு காலும் தரையில படாம குதிக்க மாட்டாரே.

மகளுக்கும் சின்ன ரவுண்டு பிடிக்கல, காரணம் மட்டும் வேற. ஸ்கூல் லைப்ரரில 1925ல அலாஸ்காவுல நோம்ங்கற ஊருக்கு தொண்டை அடைப்பான் மருந்து கொண்டு போன கதைய படிச்சிருந்தா. சுமார் 1,085 கிலோமீட்டர், 20 பேர் ரிலே மாதிரி மாத்தி மாத்தி நாய் வண்டி ஓட்டி அஞ்சரை நாள்ல கொண்டு போய் சேத்திருக்காங்க. கடைசி கட்டத்துல ஓடுன பால்டோங்கற நாய்க்கு அதே வருஷம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல சிலையே வச்சுட்டாங்க, ஆனா அதிக தூரம் ஓடுனது டோகோதான், அத யாரும் கண்டுக்கலன்னு சாப்பாட்டு மேசைல ஒரு மணி நேரம் நியாயம் கேட்டா, என்னமோ நாங்கதான் சிலைய மாத்தி வச்ச மாதிரி. “இப்பேர்ப்பட்ட நாய்ங்கள போயி 500 மீட்டர் ஓட வைக்கறதா? நம்ம புளோக்லேர்ந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கூட அத விட தூரம்மா.”

இந்தப் பக்கம் எங்கம்மா. 68 வயசு, முட்டி வலி, ஆனா “நீங்க எல்லாம் போறீங்க, நான் ரூம்ல உக்காந்து சுவத்தப் பாக்கவா வந்தேன்”னு ஒரே பேச்சு. கூடவே ஆறு வயசு பையன், அவனுக்கு பத்து நிமிஷத்துக்கு மேல எதுலயும் உக்கார முடியாது. கடைசில அம்மா, பையன், வீட்டுக்காரர் மூணு பேருக்கும் சின்ன ரவுண்டு, எனக்கும் மகளுக்கும் அடுத்த நாள் பெருசுன்னு முடிவாச்சு. சின்னதுக்கு நான் வெறும் போட்டோகிராபர்.

அங்க டிசம்பர் நடுவுல சூரியன் 11 மணிக்கு மேலதான் எட்டிப் பாக்கும், ஒன்றரைக்குள்ள போயிடும், அதுவும் மரத்துக்கு மேல வராது. நாங்க 12 மணி ஸ்லாட் எடுத்திருந்தோம், அது மட்டும் நான் பண்ணின புத்திசாலித்தனம், மூணு மணி ஸ்லாட் எடுத்தவங்க போட்டோ எல்லாம் ராத்திரி எடுத்த மாதிரிதான் இருந்துச்சு. அன்னைக்கு மைனஸ் 21. சிங்கப்பூர் ஸ்னோ சிட்டில செயற்கைப் பனியில ஒரு மணி நேரம் நின்ன தைரியத்துல வந்த ஆளுங்க நாங்க, மூக்குக்குள்ள முடி விறைச்சுக்கிட்டு குத்தும்னு யாரும் சொல்லவே இல்ல.

நாய்ங்க இருக்கற இடத்துக்கு நூறு அடி முன்னாடியே சத்தம். குரைக்கறதுன்னு சொல்ல முடியாது, ஊளையும் இல்ல, ஐயோ என்ன விட்டுட்டு போயிடாதீங்கன்னு கதறுற மாதிரி. வண்டிய ஒரு கட்டைல கயிறு போட்டு கட்டி வச்சிருக்காங்க, நாய்ங்க ஒவ்வொண்ணும் வார் இழுபட முன்னாடி பாயுது, முடியாம எகிறுது, மறுபடி பாயுது. அம்மா பயந்துட்டாங்க, “அடிக்கறாங்களா என்ன, இப்படி கத்துதே”ன்னு. அந்தப் பொண்ணு, வண்டி ஓட்டறவ, சிரிச்சுக்கிட்டே நாங்க கிளம்ப லேட் பண்றோம்னு திட்டுதுங்கன்னு சொன்னா. கலைமான் தோல் விரிச்ச வண்டில அம்மா கால நீட்டி உக்காந்தாங்க, மடியில பையன், கயித்த அவுத்தாங்க, அவ்ளோதான், சத்தம் கத்தரிச்ச மாதிரி நின்னுடுச்சு. அத்தன நாயும் ஒரே நொடியில வாய மூடி ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான் இன்னும் கேமராவ ஆன் பண்ணிட்டு இருக்கேன், வண்டி மரத்துக்குப் பின்னாடி போயிடுச்சு.

மூணு நிமிஷம் கூட இல்ல, அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பி வந்துட்டாங்க. எனக்கு மனசுல ஒட்டிக்கிட்டது அந்த நிக்கற நேரம்தான். முன்னாடி ஓடுன நாய் பிரேக் புடிச்சதும் கழுத்த திருப்பி பின்னாடி பாத்துச்சு, மீசை முடி எல்லாம் வெள்ளையா பனி ஒட்டியிருக்கு, முகத்துல அப்பட்டமா ஒரு “என்ன, இவ்ளோதானா?” என் வீட்டுக்காரரும் அதே முகத்தோட எறங்கினாரு. அம்மா மட்டும் எறங்கவே இல்ல, குனிஞ்சு அந்த நாய் பேர என்னன்னு கேளுன்னு என்ன வெரட்டுனாங்க. பேர் சொன்னாங்க, பின்னிஷ் பேரு, அம்மா வாயில நுழையல, முத்துன்னு வச்சுட்டாங்க. அப்புறம் அரை மணி நேரம் முத்து கழுத்த சொறிஞ்சுக்கிட்டே நின்னாங்க, ரவுண்டு முடிஞ்சவங்கள யாரும் வெரட்டல. பையனுக்கு மூணு நிமிஷம் சரியா இருந்துச்சு, நாலாவது நிமிஷம் பாத்ரூம் கேட்டிருப்பான்.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. நாங்க வரிசையில நின்ன நேரத்துல அதே டீம் அஞ்சு தடவ போயிட்டு வந்துச்சு. ஓட, நிக்க, கத்த, மறுபடி ஓட. அதுங்களுக்கு குளிர் ஒரு பிரச்சனையே இல்ல, மைனஸ் 20ல்லாம் அதுங்களுக்கு பிடிச்ச வெயில் மாதிரி, உண்மையில சூடு ஏறினாதான் கஷ்டம், அது எனக்குத் தெரியும். ஆனா நீளமா ஓடறதுக்குன்னே வளத்த பிராணி, ஓட்டம் சூடு புடிக்கறதுக்குள்ள நிப்பாட்டிடறாங்களேன்னு இருந்துச்சு. நீங்க போனா கூச்சப்படாம கேளுங்க, ஒரு டீம் ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓடுது, கோடைல என்ன செய்யுது, வயசானா எங்க போகுதுன்னு. நல்லா நடத்தற இடத்துல இந்தக் கேள்விக்கு ஆசையா பதில் சொல்லுவாங்க. நாங்க ரெண்டாவது நாள் போன பண்ணைல, ரிட்டயர் ஆன கிழ நாய் ஒண்ணு ஆபீஸ் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல குறட்டை விட்டுட்டு கெடந்துச்சு, கேக்கவே வேண்டியிருக்கல.

அந்த ரெண்டாவது நாளுக்கு வர்றேன். பண்ணைக்குள்ள போனதும் மகள் முகம் விழுந்துடுச்சு. “அம்மா, இது ஹஸ்கியே இல்ல.” நீலக் கண்ணு, புசுபுசு வாலு, அந்த சைபீரியன் ஹஸ்கிய எதிர்பாத்து வந்தவளுக்கு முன்னாடி ஒல்லியா, காது மடங்கி, பழுப்பும் கறுப்பும் கலந்து, தேக்கா மார்க்கெட்ல மீன் கடை பக்கத்துல நின்னா யாரும் திரும்பிப் பாக்காத மாதிரி நாய்ங்க. அதுங்கதான் அலாஸ்கன் ஹஸ்கி. அழகுக்காக வளத்த ஜாதி இல்ல, ஓட்டத்துக்காக பல ஜாதிய கலந்து கலந்து எடுத்தது, அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. போட்டோவுக்கு நீலக் கண்ணுதான் முக்கியம்னா புக் பண்றதுக்கு முன்னாடியே எந்த நாய்னு கேட்டுக்கோங்க, எங்களுக்கு முதல் நாள் சின்ன ரவுண்டுலதான் சைபீரியன் கெடைச்சுது, அது அம்மாவோட முத்து.

அடுத்த இடி, 15 வயசுக்குக் கீழ வண்டி ஓட்ட விடமாட்டாங்களாம். புக் பண்ற பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்தது, எக்ஸெல்காரர் பாக்கல, நானும் பாக்கல. அதனால மகள் உக்கார, நான் ஓட்ட. கார் வச்சுக்க எடுக்க வேண்டிய உரிமம், அந்த சிஓஇ விக்கற விலைக்கு கார் வாங்காத குடும்பம், லைசன்ஸ் எடுத்து பதினஞ்சு வருஷமா பர்ஸ்ல சும்மா கெடக்கு, நான் ஓட்டுன முதல் சொந்தப் பொறுப்பு வண்டிக்கு அஞ்சு நாய். பாடம் அஞ்சே நிமிஷம். ரெண்டு சறுக்குக் கட்டை மேல ரெண்டு கால், நடுவுல பல்லு வச்ச இரும்பு பிரேக், அதுல ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சாதான் நிக்கும். வளைவுல உள் பக்கமா சாயணும், மேட்டுல ஒரு கால எறக்கி தள்ளி விடணும், எது நடந்தாலும் கைய மட்டும் விட்டுடக் கூடாது, ஏன்னா நீங்க விழுந்தாலும் நாய்ங்க நிக்காது, மகளோட ஊர் சுத்த போயிடும்.

முதல் ஒரு கிலோமீட்டர் நான் எதையும் பாக்கல, பிரேக்க மட்டும்தான் பாத்தேன். அப்புறம் கொஞ்சம் நிமிந்தேன். ரெண்டு பக்கமும் பனி சுமந்து வளஞ்ச மரங்க, வானம் ஒரு மாதிரி ரோஸும் நீலமுமா, சறுக்குக் கட்டை பனில உரசற சத்தமும் நாய்ங்க மூச்சும் தவிர வேற ஒண்ணுமே கேக்கல. ஓடிக்கிட்டே ஓரத்துல வாய வச்சு ஒரு கவளம் பனிய அள்ளித் தின்னுட்டு மறுபடி ஓடுது ஒண்ணு. மேட்டுல நான் கால எறக்கி தள்ள மறந்தா, அந்தக் கடைசி நாய் திரும்பி ஒரு முறை முறைச்சுது பாருங்க, எங்க மேனேஜர் தோத்துடுவாரு. தள்ள ஆரம்பிச்சதும் அதுவும் திரும்பிடுச்சு. அப்போதான் இது ரைடு இல்ல, நானும் அந்த டீம்ல ஒரு ஆளுன்னு உறைச்சுது, உடம்பெல்லாம் வேர்த்து, கழுத்து துணியில மூச்சு பட்டு ஐஸ் கட்டி, சிரிச்சுட்டே இருந்தேன்.

உக்காந்திருந்தவ கதை வேற. நாய்ங்க ஓடிக்கிட்டே வெளிக்குப் போகும், நிக்காது, வண்டில உக்கார்றவங்க மூக்கு சரியா அந்த மட்டத்துலதான் இருக்கும். அது மூணு தடவ. இருபது நிமிஷத்துல “அம்மா, கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியல”ன்னு சத்தம். அதுல என் தப்பும் உண்டு, குளிருமேன்னு மூணு சாக்ஸ் திணிச்சு போட்டு விட்டேன், பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டமே இல்லாம இன்னும் சீக்கிரம் வெறைச்சுப் போச்சு. ஒரு கம்பளி சாக்ஸ், உள்ள விரல அசைக்க எடம், அது போதும்னு பண்ணைல ஒரு அம்மா கழட்டி விட்டுக்கிட்டே சொன்னாங்க. குடிசைக்குள்ள நெருப்பு போட்டு சூடா பெர்ரி ஜூஸ் குடுத்தாங்க, ரெண்டு கப் குடிச்சப்புறம்தான் அவளுக்கு பேச்சே வந்துச்சு. என் போன் 60 சதவீதத்துல செத்துப் போயிருந்துச்சு, குளிர்ல பேட்டரி அப்படித்தான், உள் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வச்சிருக்கணும். ஆக நான் ஓட்டுனதுக்கு ஒரு போட்டோ கூட இல்ல, வீட்டுக்காரர் இன்னும் நம்பல.

இத எல்லாம் வச்சு நான் புரிஞ்சுக்கிட்டது, மீட்டர் கணக்கு தப்பான கணக்கு. ஓட்டறதா இருந்தா பெருசு, உக்காந்து வர்றதா இருந்தா சின்னதே போதும். உக்கார்றவங்களுக்கு கெடைக்கிறது அந்த கதறல், கயிறு அவுத்ததும் வர்ற அமைதி, முடிஞ்சப்புறம் நாய் கழுத்த சொறியற நேரம், இது மூணும் 500 மீட்டர்லயே வந்துடுது. மீதி ஒன்பதரை கிலோமீட்டர்ல அவங்களுக்குக் கூடுதலா கெடைக்கறது மரம், குளிர், அப்புறம் மேல சொன்ன வாசனை. மகளுக்கு 250 வெள்ளி நான் தண்டம் பண்ணேன், அவ அம்மாச்சி கூட முத்து வண்டில போயிருந்தா குஷியா இருந்திருப்பா. இத வீட்டுக்காரர்கிட்ட சொன்னா ஷீட்ட தொறந்து காட்டுவாரு, அதனால சொல்லல.

தோழிக்கு மூணு வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணு, மாமியாரும் கூட வர்றாங்க. சின்னதே போடு, நடுப்பகல் ஸ்லாட்டா பாத்துக்கோ, நாய்ங்க கூட நிக்க நேரம் குடுக்கறாங்களான்னு மட்டும் மெயில்ல கேட்டுக்கோன்னு சொல்லிட்டேன். நேத்து மெசேஜ் போட்டிருந்தா, அவ வீட்டுக்காரரும் மீட்டருக்கு எவ்ளோன்னு கணக்கு போட்டுட்டு இருக்காராம்.