முதல் ரீலின் முதல் பத்தடி

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் அந்த வளைவைப் பார்க்காமல் இருக்க முடியாது. 'தி மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட்' என்ற பெயரைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே ஸ்டுடியோ இருக்கும் என்று போனால் வீடுகள்தான் இருக்கின்றன. போன மாதம் மலைக்குப் போகும்போது என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த தியேட்டர்ல என்ன படம்ப்பா ஓடுது?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தவன் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. அவள் தூங்கிப்போனாள். விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற அந்தப் படக் கம்பெனியை ஆரம்பித்த டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நெசவும் ஜவுளியுமான குடும்பம். ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் வரைக்கும் போனவர், திரும்பி வந்து தறியை விட்டுவிட்டு கேமராவைப் பிடித்தார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் கூட்டத்தையே ரயிலேற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். போக வர செலவு, சத்திரம், சோறு, அங்கே ஸ்டுடியோ காலியாகும் வரை காத்திருக்கும் நாட்கள் எல்லாம் போட்ட முதல் பணத்திலிருந்துதான் போகும். அதைப் பார்த்த மனுசன் 1935இல் ஏற்காடு மலையடிவாரத்திலேயே ஸ்டுடியோவைக் கட்டிவிட்டார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். அவரை எல்லோரும் 'முதலாளி' என்றே கூப்பிட்டார்கள், நேரத்துக்கு வராத நட்சத்திரத்தை அவர் சும்மா விடமாட்டார் என்று இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கொங்கு நாட்டில் மில் எப்படி நடக்குமோ அப்படித்தான் அவர் சினிமாவையும் நடத்தினார், பஞ்சு ஒரு பக்கம் போனால் நூல் மறுபக்கம் வந்தாக வேண்டும்.

வந்தது என்னவோ நூறு படங்களுக்கு மேலே. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' கேரளத்துக் கம்பெனியின் படம் இல்லை, சேலத்து முதலாளியின் கம்பெனிப் படம். 1940இல் பி. யு. சின்னப்பாவை 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட வைத்ததும், 1956 பொங்கலுக்கு எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக கேவா கலரில் விட்டதும் இதே கம்பெனிதான். 1961இல் மலையாளத்துக்கு முதல் வண்ணப்படம் எடுத்துக் கொடுத்ததும் இவர்களே. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'யை இங்கே சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர். அமெரிக்காவில் பிறந்தவர் சேலத்து வெயிலில் நின்று தமிழ் வசனம் பேசவைத்து வேலை வாங்கியிருக்கிறார், அதை யாராவது தனியாக எழுத வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோவும் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் இருந்தன. பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' 1954இல் வந்து அப்புறம் இந்தி வரைக்கும் போனது. அது தனிக்கதை.

சரி, படம் ஆரம்பிக்கும்போது திரையில் வரும் கம்பெனிச் சின்னத்துக்கு வருகிறேன். ஜெமினி என்றவுடன் ஊதுகுழல் ஊதும் இரண்டு பையன்கள் கண்ணில் வருவார்கள், ஏவிஎம் என்றவுடன் அந்தச் சத்தம் காதில் வரும். ஆனால் மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் எனக்கு ஞாபகத்தில் வருவது வளைவு மட்டும்தான். இத்தனைக்கும் சின்ன வயதில் அந்தக் கம்பெனிப் படங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதுவும் ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடும் படங்களை. எங்கள் மாமா சங்ககிரிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டாயில் ஆபரேட்டர். பொட்டி வந்ததும் முதல் ஆட்டத்துக்கு நான் தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்துவிடுவேன். விநாயகர் பாட்டு முடியும், விளக்கு அணையும், திரையில் மழை பெய்வது மாதிரிக் கோடுகள் ஓடும், டப் என்று ஒரு சத்தம், அதற்குள் யாரோ நடிகர் பெயர் வந்துவிடும். கம்பெனி பெயர் எங்கே?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏனுங் மாமா, மாடர்ன் தியேட்டர்ஸ் படத்துக்கெல்லாம் ஆரம்பத்துல ஒண்ணுமே வர்றதில்லீங்களே?"

"வந்துட்டுத்தான் இருந்துச்சு கண்ணு, கொட்டாய் கொட்டாயா வெட்டீட்டாங்க" என்றார்.

அவர் காட்டியபோதுதான் புரிந்தது. சின்னம் இருப்பது முதல் ரீலின் தலையில். மெஷினில் பிலிமை மாட்டும்போது தலைப்பக்கத்தைத்தான் இழுத்துப் பல்சக்கரத்தில் கோர்க்க வேண்டும். அதற்கென்று முன்னால் ஒட்டியிருக்கும் வெற்றுப் பிலிம் நாளாக நாளாகக் கிழிந்துபோகும், அப்புறம் படத்தின் தலையையே பிடித்து இழுப்பார்கள். ஓரத்து ஓட்டை கிழியும். கிழிந்ததைக் கத்திரித்துவிட்டு, பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார்கள். 35 எம்எம் பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும், ஆக ஒன்றரை அடி வெட்டினால் ஒரு நொடி போச்சு. பத்தடி வெட்டினால் ஏறக்குறைய ஏழு நொடி. ஒரு கம்பெனியின் மொத்தப் பெருமையும் அந்த ஏழு நொடிதானே. ஏ சென்டரில், அதாவது பெரிய ஊர்த் தியேட்டரில், புதுசாக ஓடிய பிரின்ட் பல வருசம் கழித்து எங்கள் கொட்டாய்க்கு வரும்போது தலை இருக்காது, முண்டம்தான் வரும்.

அந்த டப் சத்தத்துக்கும் மாமா கணக்கு வைத்திருந்தார். மெஷினில் படம் காட்டும் வாசல் மேலே, சத்தம் படிக்கும் இடம் கீழே. அதனால் ஒரு காட்சிக்குரிய சத்தத்தை 20 பிரேம் முன்னால் பதிந்திருப்பார்கள். ஒட்டுப்போட்ட இடம் வரும்போது முதலில் படம் குதிக்கும், முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேலே கழித்துத்தான் சத்தம் குதிக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு படம் பார்க்கும் சுகம் பாதி போய்விட்டது எனக்கு, ஒவ்வொரு குதிப்புக்கும் காத்திருந்து எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம். பழைய படத்தை நெட்டில் ஏற்றுகிறவர்கள் முதல் வேலையாகக் கம்பெனிச் சின்னத்தை வெட்டிவிட்டுத் தங்கள் சேனல் சின்னத்தைச் சுழல விடுகிறார்கள். கொட்டாய்க்காரனாவது கிழிந்ததால் வெட்டினான்.

சுந்தரம் 1963இல் காலமானார். மகன் ராமசுந்தரம் எடுத்து நடத்தினார், அந்த ஜெய்சங்கர் படங்கள் அவர் காலத்தவை. ஆனால் அதற்குள் நடிகர்கள், இசையமைப்பாளர்கள், லேப் எல்லாம் சென்னையிலேயே குவிந்தாகிவிட்டது. முதலாளி கல்கத்தா செலவை மிச்சம் பிடிக்கத்தான் சேலத்தில் கட்டினார், கடைசியில் சென்னையிலிருந்து ஆளைச் சேலத்துக்குக் கூட்டிவருவது அதே மாதிரிச் செலவாகிப்போனது. அப்புறம் நிலம் போனது, வளைவு நின்றது.

வெட்டிய துண்டுகளை மாமா வீசமாட்டார். பிஸ்கட் டப்பாவில் போட்டு எங்களுக்குக் கொண்டுவருவார். ஃபியூஸ் போன பல்பின் அடியைத் தட்டி எடுத்து, உள்ளே இருக்கும் கம்பியை உருவிவிட்டுத் தண்ணீர் ஊற்றி, அட்டைப்பெட்டி ஓட்டையில் செருகினால் லென்ஸ் ரெடி. மாட்டுச்சாலையில் தாத்தாவின் வேட்டியைக் கட்டி, வெளியே ஒருத்தன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்ப வேண்டும். பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் படம் நேராக விழும். ஊரிலுள்ள கொட்டாய்த் திரையில் வராத சின்னங்கள் எல்லாம் எங்கள் மாட்டுச்சாலையில்தான் ரிலீஸ் ஆயின. ஜெமினிப் பையன்கள் ஆடாமல் அசையாமல் ஊதிக்கொண்டு நின்றார்கள்.

அப்படி ஒரு நாள் டப்பாவில் மூன்றே பிரேம் உள்ள துண்டு ஒன்று கிடைத்தது. வெறும் எழுத்து. வைத்துப் பார்த்தால் கோணல் மாணலாக என்னவோ தெரிந்தது, எழுத்துக் கூட்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த மாமா, "பின்பக்கம் முன்னால வர்ற மாதிரித் திருப்பு கண்ணு" என்றார். திருப்பினேன். வேட்டியில் முழுசாக ஆங்கிலத்தில் சேலம் என்று விழுந்தது. "நல்லா புடிடா" என்று வெளியே கத்தினேன். கண்ணாடி பிடித்திருந்தவனுக்குக் கை வலித்ததோ என்னவோ, எழுத்து மெதுவாக நகர்ந்து எருமையின் முதுகில் ஏறிவிட்டது.