எந்த ஆண்டின் வீடு? அமெரிக்கத் தென்மாநிலத் தோட்ட மாளிகைகள்: ஒரு நாட்குறிப்பு

6 நவம்பர் 2025, வியாழன். நியூ ஆர்லியன்ஸ், லூசியானா மாநிலம்

பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்க்க இறங்குகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதை எந்த ஆண்டின் நிலைக்குக் கொண்டுபோவது என்பதைத்தான். கட்டி முடித்த ஆண்டா, புகழ்பெற்ற உரிமையாளர் ஒருவர் வாழ்ந்த காலமா, நம் கைக்கு வந்து சேர்ந்த நாளா? சுண்ணாம்பும் செங்கல்லுமே என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகியது. தென்மாநிலங்களின் தோட்ட மாளிகைகளிலோ, எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த ஆண்டில் அங்கே யார் யார் யாருடைய உடைமையாக வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது. அதை நேரில் பார்த்து எழுதி வைக்கவே இந்தப் பயணம்.

இது கரும்பு வெட்டும் பருவம். மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும், இங்கிருந்து பேட்டன் ரூஜ் வரை, மாளிகைகள் எழுந்ததற்குக் காரணமே கரும்புதான். 1795-இல் எத்தியேன் டி போரே என்ற தோட்ட உரிமையாளர் லூசியானாவின் கரும்புச் சாற்றிலிருந்து லாபகரமாகச் சர்க்கரை எடுத்துக் காட்டினார்; 1803-இல் இந்த நிலம் அமெரிக்காவின் கைக்கு வந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் விர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் பருத்தியும் கரும்பும் விளையும் தெற்குக்கு விற்கப்பட்டோ, உரிமையாளர்களால் இடம் பெயர்க்கப்பட்டோ கொண்டுவரப்பட்டார்கள். அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் நிற்காது. வெட்டிய கரும்பு கெட்டுப்போகும் முன் சாறு பிழிந்து, வரிசையாக வைத்த இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கையால் முகந்து ஊற்ற வேண்டும். அந்த வேலையில் வெந்து போன கைகள் எத்தனை என்பதற்குக் கணக்கு இல்லை.

7 நவம்பர், வெள்ளி. வாஷரி

ஓக் ஆலி மாளிகையின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. ஆற்றங்கரையிலிருந்து வாசல்வரை இரண்டு வரிசைகளாக 28 ஓக் மரங்கள். அவற்றுக்கு ஈடாக வீட்டைச் சுற்றி 28 தூண்கள். மரங்கள் வீட்டைவிட மிகப் பழையவை. வீட்டை 1837 முதல் 1839 வரை கட்டியவர் ழாக் டெலெஸ்போர் ரோமான் என்றுதான் நூல்களில் இருக்கிறது. மண் குழைத்துச் செங்கல் அறுத்ததும் சூளை போட்டதும் தூண்களை எழுப்பியதும் அவர் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த மனிதர்கள்.

1925-இல் ஸ்டூவர்ட் தம்பதியர் இந்த வீட்டை வாங்கி, ரிச்சர்ட் கோக் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதுப்பித்தார்கள். ஆற்றங்கரை மாளிகைகளில் பெரிய அளவில் மீட்கப்பட்ட முதல் வீடுகளில் இதுவும் ஒன்று. வேலை நேர்த்தியானது; அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணத்திலும் அக்கறையிலும் ஒரு துளிகூட அடிமைக் குடில்களுக்குப் போகவில்லை. இப்போது அங்கே நிற்கும் குடில்கள் 2013-இல் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டவை. ஒன்றின் சுவரில், ஆவணங்களில் கிடைத்த பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பலருக்கு முதற்பெயர் மட்டுமே உண்டு.

அவர்களுள் அந்துவான் என்ற தோட்டக்காரர் ஒருவர். காட்டில் தானாக முளைக்கும் பெக்கான் மரங்களின் கொட்டை ஒன்றுபோல் இராது. 1846-47 குளிர்காலத்தில், நல்ல கொட்டை தரும் ஒரு மரத்தின் கிளைகளை இந்தத் தோட்டத்து மரங்களில் ஒட்டுக்கட்டி வெற்றி கண்டவர் அவர். அந்த ரகம் 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று ‘சென்டென்னியல்’ என்று பெயர் பெற்றது. அமெரிக்காவின் பெக்கான் வணிகம் முழுவதும் அவர் கைத்திறனை அடித்தளமாகக் கொண்டது என்று சொன்னால் மிகையாகாது. அவருக்குக் குடும்பப் பெயர்கூடப் பதிவாகவில்லை. ரோமான் குடும்பத்தின் சொத்துப் பட்டியலில் அவருக்கு எதிரே இருப்பது விலை.

8 நவம்பர், சனி. வாலஸ்

இன்று முழுவதும் விட்னி தோட்டத்தில். இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த இடம் இதுதான்.

ஹைடல் என்ற ஜெர்மானியக் குடியேற்றக் குடும்பம் 1752-இல் தொடங்கிய தோட்டம் இது. முதலில் அவுரி, பின்னர் கரும்பு. 1990-களில் ஃபார்மோசா நிறுவனம் இங்கே ரேயான் ஆலை கட்டத் திட்டமிட்டது. எதிர்ப்பு எழுந்தது, ஆலை வரவில்லை. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் வழக்குரைஞர் ஜான் கம்மிங்ஸ் வாங்கினார். தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராஹிமா செக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 2014 டிசம்பரில் அடிமைகளின் வாழ்வை மட்டுமே மையமாகக் கொண்ட அருங்காட்சியகமாகத் திறந்தார். 2019-இல் அதை இலாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்.

மற்ற மாளிகைகளில் பார்வையாளர் முன்வாசல் வழியாக நுழைந்து, சரவிளக்கையும் உணவு மேசையையும் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் பின்பக்கம் போவார். இங்கே நினைவுச் சுவர்களும் குடில்களும்தான் முன்னால் வருகின்றன. விட்னியில் அடிமைப்பட்டிருந்த 350-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஒரு சுவரில். வரலாற்றாசிரியர் க்வென்டலின் மிட்லோ ஹால் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தோண்டித் திரட்டிய தரவுகளிலிருந்து லூசியானா முழுவதற்குமான 1,07,000 பெயர்கள் வேறு சுவர்களில். அடுத்த முற்றம் குழந்தைகளுக்கானது. 1823 முதல் 1863 வரை இந்த ஒரு மாவட்டத்தில் மூன்று வயது நிறைவதற்கு முன்னரே இறந்த 2,200 அடிமைக் குழந்தைகளின் பெயர்கள், தேவாலயப் பதிவேடுகளிலிருந்து எடுத்து அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை. சுவரைப் படித்து முடிக்கும்வரை நின்றேன்.

பெரிய வீடு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பிரெஞ்சுக் கிரியோல் முறை. வெள்ளத்துக்கு அஞ்சி, கீழ்த்தளத்தைச் செங்கல்லால் எழுப்பி, வாழும் அறைகளை மேலே வைத்திருக்கிறார்கள். மேல்தளச் சுவர்களில் சைப்ரஸ் மரச்சட்டங்களுக்கு இடையே களிமண்ணோடு ஸ்பானியப் பாசி எனப்படும் தொங்குசெடியின் நாரைப் பிசைந்து அடைத்திருக்கிறார்கள். அந்த மண்ணைக் காலால் மிதித்துக் குழைத்தவர்களின் வேலை இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. இத்தகைய சுவரில் சிமெண்ட் பூசக்கூடாது. இறுகிய சிமெண்ட், சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய நீர் மரத்தை உளுத்துப்போகச் செய்யும், கரையானை அழைத்து வரும். சுண்ணாம்பும் மண்ணும் மூச்சு விடும். இதை அறியாமல் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிச் சிதைத்த பழைய வீடுகள் உலகெங்கும் உண்டு.

விட்னியின் குடில்களில் சில வேறு தோட்டங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. விடுதலை பெற்றோர் 1870-இல் கட்டிய தேவாலயம் ஆற்றின் அக்கரையிலிருந்து வந்தது. இரும்புச் சிறைக்கூண்டு 1868-இல், அதாவது அடிமைமுறை ஒழிந்த பிறகு, செய்யப்பட்டது. ஓர் இடத்துக்கு உரியது அல்லாததை அங்கே வைப்பதைப் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையினர் பொதுவாக ஏற்பதில்லை. நானும் இதுவரை அப்படியே நினைத்தேன். இங்கே அந்த விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் காலியான புல்வெளிதான் மிஞ்சும். மலிவான மரத்தில் கட்டப்பட்டு, பின்னால் வந்த உரிமையாளர்களால் தேவையற்றவை என்று இடிக்கப்பட்டவை அந்தக் குடில்கள். அவை இல்லாமல் போனதற்கும் அதே வரலாறுதான் காரணம். எது எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்லும்வரை, கொண்டுவந்து வைப்பதை நான் ஆதரிக்கிறேன். மேலும், விட்னியின் குடில்களில் தோட்டத் தொழிலாளர்கள் 1975 வரை குடியிருந்தார்கள். அடிமைமுறை ஒழிந்த 1865-இல் கதை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

9 நவம்பர், ஞாயிறு. லாப்ளாஸ், வைட் காசில்

காலையில் லாப்ளாஸில் உட்லேண்ட் வீட்டைச் சாலையிலிருந்து பார்த்தேன். 1811 ஜனவரி 8 அன்று சார்ல்ஸ் டெலோண்ட் தலைமையில் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமை எழுச்சிகளுள் ஒன்று தொடங்கிய தோட்டம் இது. நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தவர்களைப் படை முறியடித்தது. கொல்லப்பட்டவர்களின் தலைகளை ஆற்றங்கரை நெடுகக் கழிகளில் செருகி வைத்தார்கள். ஜாஸ் இசைக்கலைஞர் கிட் ஓரி பிறந்த இடமும் இதுவே. அண்மையில் இதை வாங்கியிருப்பது, அடிமைகளின் வழித்தோன்றல்களான ஜாய் பேனர், ஜோ பேனர் என்ற இரட்டைச் சகோதரியர் நிறுவிய அமைப்பு. ஒரு தோட்ட வீடு அதில் உழைத்தவர்களின் சந்ததியார் கைக்கு வருவது, எந்தப் பூச்சு வேலையையும்விடப் பெரிய புதுப்பிப்பு என்பேன்.

பிற்பகல், நாட்டவே இருந்த இடம். 1859-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 53,000 சதுர அடி. தெற்கில் எஞ்சியிருந்த தோட்ட மாளிகைகளில் மிகப் பெரியது. 1860-இல் ஜான் ஹாம்ப்டன் ராண்டால்ஃபின் உடைமையாக இங்கே 155 பேர் இருந்தார்கள். அண்மைக் காலத்தில் விடுதியாகவும் திருமண மண்டபமாகவும் நடந்துவந்த வீடு, கடந்த மே 15 அன்று தீக்கிரையானது. கறுப்பின மக்களில் பலர் அதை வெளிப்படையாகக் கொண்டாடினார்கள். மூதாதையரின் துயரத்தின் மேல் நின்ற வீட்டில் மணமேடை போடுவதைப் பார்த்துவந்தவர்களின் அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. அதைக் கண்டிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆயினும் அந்தச் சுவர்களையும் சுதைவேலையையும் உருவாக்கிய கைகளுக்கு அவற்றைத் தவிர வேறு சாட்சி மிகக் குறைவு. அந்தச் சாட்சி எரிந்ததற்காக வருந்துகிறேன்.

15 நவம்பர், சனி. சார்ல்ஸ்டன்

தென் கரோலினாவின் டிரேட்டன் ஹால், முதல் நாள் எழுதிய கேள்விக்கு முற்றிலும் வேறு விடை தருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் டிரேட்டனுக்காகக் கட்டப்பட்ட இரண்டடுக்கு முகப்பு மண்டப வீடு. 1974-இல் வரலாற்றுக் கட்டடங்களைப் பேணும் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தபோது, அதை எந்த ஆண்டுக்கும் திருப்பிக் கொண்டுபோவதில்லை, கிடைத்தபடியே நிலைநிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, அறைகலன்கள் இல்லை. உரிந்த சாயமும் விரிசலும் அப்படியே தெரிகின்றன. கூரையும் அஸ்திவாரமும் மட்டும் கவனமாகப் பேணப்படுகின்றன. விர்ஜீனியாவில், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜேம்ஸ் மாடிசனின் மாண்ட்பெலியர் வீட்டில் இதற்கு நேர்மாறாக, பின்னாளில் டூ பான்ட் குடும்பம் சேர்த்த பகுதிகள் அனைத்தையும் 2003 முதல் 2008 வரை நீக்கி, மாடிசன் காலத்து வீட்டை மீட்டார்கள். இரண்டுக்கும் தக்க காரணங்கள் உண்டு. என் மனம் டிரேட்டன் ஹாலின் பக்கமே சாய்கிறது. வெற்று அறையில் வேலைப்பாடு மட்டுமே கண்ணில் படுவதால், அதைச் செய்தவர் யார் என்ற கேள்வி தானாக எழுகிறது.

வாயிலருகே மரங்களுக்கிடையே ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இடுகாடு. அடிமைகளின் வழிவந்த ரிச்மண்ட் போவன்ஸ் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, முதுமையில் வாயிற்காவலராக இருந்து, தம் குடும்பத்தாரின் கதைகளைப் பார்வையாளருக்குச் சொல்லிவந்தவர். இடுகாட்டை அழகுபடுத்தாமல், உறங்குகிறவர்களை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1998-இல் இறந்த அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். புல் வெட்டப்படவில்லை, கற்கள் நிமிர்த்தப்படவில்லை. யாருடைய சொல்லைக் கேட்டு ஓரிடம் பராமரிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் பார்த்ததில்லை.

16 நவம்பர், ஞாயிறு. ஜேம்ஸ் தீவு

மெக்லியோட் தோட்டம். கடல்தீவுப் பருத்தி என்ற நீண்ட இழைப் பருத்தி விளைந்த நிலம். 2015-இல் சார்ல்ஸ்டன் மாவட்டப் பூங்கா நிர்வாகம் பொதுமக்களுக்குத் திறந்தது. உள்நாட்டுப் போரின்போது கறுப்பினப் படைப்பிரிவான 55-ஆவது மாசசூசெட்ஸ் இங்கே தங்கியிருந்தது. பிறகு விடுதலை பெற்றோர் நலத்துறையின் அலுவலகம் இந்த மாளிகையில் இயங்கியது. குடில்களில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வழிகாட்டிகள் இந்தக் காலம் முழுவதையும் சொல்கிறார்கள். ஒரே ஓர் ஆண்டை உறையவைக்க முயலவில்லை.

பழைய செங்கற்களில் விரல் தடங்கள் பதிந்திருக்கின்றன. காயாத கல்லை அச்சிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தவர்களின் விரல்கள். சில மிகச் சிறியவை, குழந்தைகளுடையவை. குறைந்த சூட்டில் வெந்த மென்மையான கற்கள் இவை. இடையிலுள்ள சாந்து தேய்ந்தால் அதற்கு நிகரான சுண்ணாம்புச் சாந்தையே நிரப்ப வேண்டும். சிமெண்ட் நிரப்பினால் நீரும் உப்பும் கல்லின் முகத்தை உதிர்த்துவிடும், தடமும் அதோடு போய்விடும். தடமுள்ள ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, சுவரில் அதன் இடத்தைக் குறித்து வைத்த பிறகே கொத்தனாரைச் சாரத்தில் ஏற்ற வேண்டும்.

அருகிலுள்ள மக்னோலியா தோட்டத்துக் குடிலில்தான் ஜோசப் மெக்கில் 2010-இல் ஓர் இரவைக் கழித்துத் தம் பயணத்தைத் தொடங்கினார். அன்று முதல் பல மாநிலங்களில் எஞ்சியுள்ள அடிமைக் குடியிருப்புகளில் படுத்துறங்கி, அவை இருப்பதையே மறந்துவிட்ட உரிமையாளர்களையும் அரசுகளையும் அவற்றைப் பழுதுபார்க்கத் தூண்டி வருகிறார். நாளை அந்த மக்னோலியா குடில்களின் கூரையையும் புகைபோக்கிகளையும் அருகிலிருந்து பார்க்கப் போகிறேன். அளவுகளோடு அடுத்த பதிவில் எழுதுகிறேன்.