ஏரித் காஸ்ப்ளே: ஷூட்டுக்கு முன்னாடி

ஃபைனல் ஃபேன்டஸி 7 வீடியோ கேமில் (1997) வரும் பூக்காரி ஏரித்தாக வேஷம் போட்டு (அதுதான் காஸ்ப்ளே) போட்டோ எடுக்கும்போது, ரோஸ் கவுனைவிடச் சிக்கல் சிவப்பு ஜாக்கெட்தான். வெயிலில் சிவப்பு திட்டாக அப்பிக்கொள்ளும், துணி மடிப்பே தெரியாது. கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) அரை ஸ்டாப், அதாவது அரைப் படி குறைத்து, ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுங்கள்.

கூடைக்கு 20, 25 மஞ்சள் துணிப்பூ போதும். பிளாஸ்டிக் பூ ஃபிளாஷில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் தெர்மோகோல் வைத்துக் காம்பைக் குத்துங்கள், கூடவே ஒரு கல். இல்லையென்றால் காற்றுக்குக் கவிழும்.

பின்னலின் கனம் விக்கைப் பின்னுக்கு இழுக்கும். விக் கேப்போடு (விக்குக்கு அடியில் மாட்டும் தொப்பி) நாலு பக்கமும் பின் குத்தி, ரிப்பனைத் தைத்தே விடுங்கள். கேமில் அவள் சண்டைக்கு எடுக்கும் கைத்தடி வேண்டாம். கூடை இருந்தால்தான் ஏரித்!

புல்வெளியில் உட்கார்ந்தால் தாடையில் பச்சை அடிக்கும். ஃபிரேமுக்கு வெளியே, முகத்துக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை பிடியுங்கள்.