துளிக் கணக்கு

அப்பாவுக்கு ட்ரிப் போட வந்த நர்சிங் மாணவியின் விரல்கள் லேசாக நடுங்கின. பின்னால் நின்ற சிஸ்டர் அதட்டவில்லை. "கண்ணால தேடாத. விரலால தேடு" என்றார். அழுத்திவிட்டால் பஞ்சு மாதிரி எழும்பி வரவேண்டுமாம் நரம்பு.

ஊசி ஏறியது. அப்பா முகம் சுளிக்கவில்லை. (வீட்டில் எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டுபவர்.)

அப்புறம் கணக்கு. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 துளி வரும் குழாய் செட்.

"நிமிஷத்துக்கு 42" என்றாள் மாணவி, பட்டென்று.

"சரி, வாட்சைப் பார்த்து எண்ணு."

எண்ணினால் வேகமாக ஓடுகிறது. குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை இறுக்கி மறுபடி எண்ணினாள். "ஐயா கையை மடக்கினா இது மாறும். திரும்ப வந்து பாரு" என்றார் சிஸ்டர்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. படிப்பு எவ்வளவோ வளர்ந்துவிட்டது. கைப்பழக்கம் மட்டும் இன்றைக்கும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் வருகிறது.

சொல்லிக்கொடுக்க ட்யூட்டியில் தனி நேரம் உண்டா என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"எங்க சார், வேலைக்கு நடுவுலதான்" என்றபடி அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மாணவர்கள் சூழ்ந்து நின்றால் அதை வகுப்பு என்கிறோம். இதுவும் வகுப்புதானே? மாணவிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்கு அன்றைக்கு நாலு படுக்கையைக் குறைத்துக் கொடுக்கலாம். அதற்கு ஆள் போடவேண்டும், அவ்வளவுதான்.